கமரா போடாத நேரம்

நோபர்ட்டும் கெத்தரினும் குடியிருந்தது இருபத்தாறு அடி நீள பஸ் ஒன்றில். சமையல், படுக்கை, கக்கூஸ், மாதா படம், மனஸ்தாபம் எல்லாம் அந்த இருபத்தாறு அடிக்குள் அடக்கம். பேச்சு மட்டும் கிடையாது. போனைத் தாங்கியில் மாட்டி, திரையில் சிவப்புப் புள்ளி எரிந்தால்தான் இருவரும் வாயைத் திறப்பார்கள். புள்ளி அணைந்தால் வாய்க்குப் பூட்டு.

"வணக்கம், வணக்கம்! நம்ம மேடம் இன்னிக்கு என்ன சமைக்கிறாங்கன்னு பாப்போமா?" என்பார் நோபர்ட்.

"சாருக்குப் பிடிச்ச மாசிச் சம்பல்தான்" என்று கெத்தரின் குழைவாள்.

நாற்பதாயிரம் பேர் இதைப் பார்த்து உருகினார்கள். இப்படி ஒரு ஜோடி உண்டா என்று எழுதினார்கள். படம் பிடித்து முடிந்ததும் மேடம் தட்டைக் கழுவப் போவாள், சார் டயரைத் தட்டிப் பார்க்கப் போவார். ஊருக்கெல்லாம் தேன், வீட்டுக்குள்ளே வேம்பு.

முப்பது வருஷம் வெள்ளைக்காரர்களைச் சிகிரியாவுக்கு ஏற்றி இறக்கியவர் நோபர்ட். ஓய்வுபெற்றதும் பழைய பஸ் ஒன்றை வாங்கி, சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டு, கூரையில் சோலார் தகடு பொருத்தி, பலாபத்வலவில் இருந்த வீட்டை விற்றுவிட்டார். கெத்தரினும் கையெழுத்துப் போட்டவள்தான். பிள்ளை குட்டி இல்லாத வீட்டை யாருக்காகக் காவல் காப்பது என்று அன்றைக்கு அவளுக்கும் தோன்றியது. அதனால் முழுப் பழியையும் அவர் தலையில் கட்ட அவளால் முடியவில்லை. முடிந்தவரை கட்டினாள்.

பேச்சு நின்றது போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் அன்றைக்கு. பலாபத்வலவிலேயே இருக்கும் கெத்தரினின் தங்கை விஜிதா வீட்டில் விருந்து. விஜிதாவின் புருஷன் ஜீவராஜ், கோழித் தொடையைக் கடித்துக்கொண்டே, "ஒரு கார்ட் போடலாம்னா விலாசம் வேணாமாண்ணே? பஸ் நம்பருக்கா எழுதுறது?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கெத்தரினும் சிரித்தாள். ஜீவராஜ் கேட்டதைக்கூட நோபர்ட் ஒருவேளை மறந்திருப்பார். அவள் சிரித்ததை மறக்கவில்லை. அன்றிலிருந்து பலாபத்வல பக்கம் பஸ் திரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் விஜிதாவின் மகள் ஷெனாலிக்கு, ஏழு வருஷம் தவமிருந்து ஒரு பெண் பிள்ளை பிறந்தது. "பெரியம்மா, நீங்கதான் ஞானத்தாய். வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்று ஷெனாலி போனில் சொன்னபோது, கெத்தரின் கழுவிய கோப்பையையே மூன்று தடவை கழுவினாள். ஐம்பத்து நாலு வயதில் ஒரு குழந்தை அவள் பெயரோடு சேரப் போகிறது. ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்து, ஊசியால் குத்துப்பட்டுக் குத்துப்பட்டு, வெள்ளைச் சட்டை ஒன்றை அவளே தைத்தாள்.

ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு கோயிலில் ஒரு வகுப்பு உண்டு. அதற்கு வராத ஞானத்தாய் பிள்ளையைத் தூக்க முடியாது, அவளுக்குப் பதிலாக வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இதைப் புருஷனிடம் எப்படிச் சொல்வது? கமராவுக்கு முன்னால்தான். திங்கட்கிழமை பருப்பைத் தாளித்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமை நாங்க பலாபத்வலைக்குப் போறோம். ஞாயிற்றுக்கிழமை நான் ஞானத்தாயாகப் போறேன்" என்று நாற்பதாயிரம் பேரிடம் சொன்னாள்.

நோபர்ட் கண் சிமிட்டாமல் சிரித்தார். "மேடம் சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீல் ஏது?"

வாழ்த்துகள் வந்து குவிந்தன. மாட்டிக்கொண்டார் மனுஷன் என்று கெத்தரின் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாத்தளையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு புறப்பட்டார்கள். பலாபத்வல வந்தது. தேவாலயத்துக்குத் திரும்பும் ஒழுங்கை வந்தது. நோபர்ட்டின் கால் பிரேக்கின் பக்கமே போகவில்லை. ஒழுங்கை பின்னால் போனது, கடைகள் பின்னால் போயின, நாவுலயும் போனது. நிறுத்துங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிவப்புப் புள்ளி எரியவில்லை. நானா முதலில் வாயைத் திறப்பது என்ற வீம்பில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பொழுது சாயும்போது பஸ் வில்கமுவவில், வயல்களுக்கு நடுவே போய் நின்றது.

நோபர்ட் பஸ்ஸை நிறுத்திய இடம் நல்ல சிமெந்துத் தளம். பலகை முட்டுக் கொடுக்காமலே பஸ் மட்டமாக நின்றது. மரமில்லை. விடிந்தால் தகட்டுக்கு வெயில் தாராளம். தனக்கென்றே யாரோ கட்டி வைத்ததைப் போல அவர் சுற்றி வந்து பார்த்தார்.

கெத்தரின் படியில் நின்று தரையைப் பார்த்தாள். சிமெந்து வெடிப்புகளில் பதர் ஒட்டியிருந்தது. ஓரத்தில் நெல்லைத் தள்ளும் பலகை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. வயலில் பாதி அறுத்தாகிவிட்டது. இது ஊரார் நெல் காயப்போடும் தளம் என்று அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. மூன்று தலைமுறையாக ரோட்டைத் தவிர வேறொன்றும் பார்க்காத குடும்பத்தில் வந்த நோபர்ட்டுக்கு அது தெரியவில்லை.

சொல்லவில்லை அவள். கமரா போடவில்லையே. விடிந்ததும் ஊர் திரண்டு வந்து இந்த மனுஷனின் மானத்தை வாங்கட்டும், நான் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து தேத்தண்ணீர் ஊற்றினாள். பையில் சேலையையும் வெள்ளைச் சட்டையையும் வைத்தாள். பிறகு, தினமும் செய்வதைப் போல, பஸ்ஸின் அடியில் இருக்கும் கழிவுத் தொட்டியின் குழாயைத் திறந்தாள். முந்தின நாள் சோப்புத் தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் தளத்தில் நுரைத்து ஓடியது. பழக்கத்தில் பாதி, வன்மத்தில் பாதி. எதிரிக்குச் சகுனத்தடை என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவளின் கதைதான் இது.

நுரை அடங்குவதற்குள் டிராக்டர் சத்தம் கேட்டது. இரண்டு டிராக்டர் நிறைய ஈர நெல், பத்துப் பன்னிரண்டு பேர். முன்னால் வந்தவர் ரத்னாயக்க, அந்த வயல்காரர்களுக்குப் பொறுப்பானவர். இரண்டு நாள் மழையில் நனைந்த நெல் அது. இன்றைக்குக் காயாவிட்டால் மூட்டைக்குள்ளேயே முளைவிட்டுவிடும். லக்கல மலைப் பக்கம் வேறு வானம் கறுத்துக் கிடந்தது.

ரத்னாயக்க நுரையைக் காலால் தொட்டு, விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு டிராக்டரைப் பின்னால் எடுத்து, பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினார்.

"கழுவிட்டுப் போங்க" என்றார் சிங்களத்தில். "மனுஷன் சாப்பிடுற நெல்லு இதுல காயணும்."

நோபர்ட் மன்னிப்புக் கேட்டிருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். அவர் போனை எடுத்து நேரலையைப் போட்டார்.

"பாருங்க மக்களே, டூரிஸ்ட்டுக்கு இங்க கிடைக்கிற மரியாதைய பாருங்க. அரசாங்க இடம். போர்ட் இருக்கா? கேட் இருக்கா?"

அவ்வளவுதான். ஒருவன் சோலார் தகட்டின் மேல் சாக்கைத் தூக்கிப் போட்டான். இன்னொருவன் கொடியில் காய்ந்த, நோபர்ட் இடுப்பில் கட்டும் சாரத்தை இழுத்து வாய்க்காலில் எறிந்தான். கெத்தரின் பையோடு இறங்கப் போனாள். பருத்தித் துணியைத் தலையில் கட்டியிருந்த ஒருத்தி படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போற நோனா? தண்ணியத் திறந்துவிட்டது நீதானே. நான் பாத்தேன்."

சந்தியில் ஏழு மணி பஸ் ஹோர்ன் அடித்தது. நின்றது, புறப்பட்டது. மாத்தளைக்கு வேறு பஸ் பின்னேரம்தான். கெத்தரின் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தேடித் தேடிப் பார்த்தாலும் கை தன் பக்கமே நீண்டது.

சண்டை எட்டரை வரை இழுத்தது. அப்போது மாத்தளையிலிருந்து நெல் வாங்கும் லொறி வந்தது. சாரதி ஆசனத்திலிருந்து குதித்தவன் இன்ஷாப், முப்பது வயசு வியாபாரி. கெத்தரினைக் கண்டதும் முகம் மலர்ந்தான்.

"அட, மேடம்! எங்கட உம்மா ஒங்கட வீடியோ ஒண்டையும் விடமாட்டா. ரெண்டு பேரும் எவ்வளவு பாசமா ஈக்கிறீங்கன்னு தெனமும் சொல்லுவா."

கெத்தரின் படியை விட்டு எழுந்தாள். "தம்பி, எத்தன மணிக்குத் திரும்புறீங்க?" என்று கேட்டாள்.

"போன கிழமை காஞ்ச நெல்லு ஸ்டோர்ல ஈக்கி. ஏத்தினா பதினொரு மணிக்குப் போவேன். ஆனா இந்தப் பெரச்சினை முடியாம அவங்க ஒரு மூட்டையையும் தொட மாட்டாங்களே. நான் பலாபத்வலயால தான் போறேன், வாறதுண்டா வாங்க."

பதினொரு மணி. மூன்று மணிக்கு வகுப்பு. கெத்தரின் பையைப் பஸ் ஆசனத்தில் வைத்தாள், சேலையை இடுப்பில் சொருகினாள், இறங்கிப் போய்த் தலையில் துணி கட்டியவளின் கையிலிருந்த விளக்குமாற்றைக் கேட்டு வாங்கினாள். வாய்க்காலில் வாளி வாளியாக மொண்டு வந்து ஊற்றித் தேய்த்தாள். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. ஐந்தாவது வாளிக்கு அந்தப் பெண்ணும் ஒரு வாளியை எடுத்தாள். முகத்தில் சிரிப்பில்லை, திட்டிக்கொண்டேதான் ஊற்றினாள்.

நோபர்ட் போனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"பாத்தீங்களா, நம்ம மேடத்தோட மனச? கிராமத்து மக்களுக்கு ஒத்தாசை பண்றாங்க. மேடம், ஒரு வணக்கம் சொல்லுங்க."

கெத்தரின் நிமிர்ந்தாள். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவள் நோபர்ட்டைப் பார்க்காமல், ரத்னாயக்கவைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினாள்.

"நேத்து அந்தியிலயே இது நெல்லு காயப்போடுற எடம்னு எனக்குத் தெரியும் மஹத்தயா. இவருக்குத் தெரியாது. நான் சொல்லல. தண்ணியத் திறந்துவிட்டதும் நான்தான். தப்பு என்னோடது."

நோபர்ட்டின் கை மெல்ல இறங்கியது. ஆனால் புள்ளி எரிந்தபடிதான் இருந்தது.

"தெரியுமா?" என்றார் தமிழில். "தெரிஞ்சா சொல்லியிருக்கலாமே."

"கமரா போடலியே" என்றாள் கெத்தரின்.

நாற்பதாயிரத்தில் அந்த நேரம் எத்தனை பேர் பார்த்தார்களோ தெரியாது. நோபர்ட்டின் கழுத்து சிவந்தது. அவள் மீதித் தளத்தையும் கழுவி முடித்து, விளக்குமாற்றை உரியவளிடம் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். மூட்டைகள் ஏற்றி முடிந்ததும், பதினொன்றே காலுக்குப் பையோடு இன்ஷாபின் லொறியில் ஏறினாள். டிராக்டர் விலகியது. பஸ் தளத்தை விட்டு ஓரத்துக்குப் போனது. நெல் பரவத் தொடங்கியது.

லொறி நாவுலயை நெருங்கும்போது இன்ஷாபின் போன் அடித்தது. அவனுடைய உம்மா கைறுன்னிஸா. "அந்த மனுஷன் திரும்ப லைவ்ல வந்தீக்கார்" என்று அவள் படபடத்தது கெத்தரினுக்கே கேட்டது. இன்ஷாப் லொறியை ஓரங்கட்டி, வீடியோவைத் திறந்து அவளிடம் நீட்டினான்.

நோபர்ட் பஸ்ஸின் குசினியில், அடுப்புக்கு முன்னால் நின்றார். முகம் வாடியிருந்தது. குரல் மட்டும் வழக்கமான குரல்.

"மேடம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க மக்களே. மேடம், பாத்துக்கிட்டிருந்தா சொல்லுங்க, உப்பு எங்க வச்சிருக்கீங்க? தேடித் தேடிப் பாக்குறேன்."

கீழே சிரிப்புப் படங்கள் ஏறிக்கொண்டிருந்தன. கெத்தரினின் கண் நிறைந்துவிட்டது. அந்த மனுஷனுக்கு இரத்த அழுத்தம், உப்பை ஒளித்து வைத்ததே அவள்தான். அழுகை பாதி, ஆத்திரம் பாதி. அவருடைய நம்பர் இவள் போனில் இருந்தது, இவளுடைய நம்பர் அவர் போனில் இருந்தது. நத்தாரிலிருந்து ஒருவரும் அமுக்கவில்லை.

"ஒரு மெசேஜ் போடுங்களேன் மேடம். பாவமில்லையா" என்றான் இன்ஷாப்.

கெத்தரின் அவனுடைய போனிலேயே எழுதினாள்: நான்தான் கெத்தரின். கமராவை நிறுத்திவிட்டு எனக்கு போன் போடுங்க, சொல்றேன்.

நோபர்ட் அதை வாசிப்பது திரையில் தெரிந்தது. உதடு அசைந்தது. கமராவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி மக்களே" என்றார். திரை இருண்டது.

கெத்தரின் தன் போனை மடியில் வெள்ளைச் சட்டையின் மேல் வைத்துக்கொண்டாள். நாவுல போனது. நாலந்த போனது. இன்ஷாப் ரேடியோவைக்கூடப் போடவில்லை. பலாபத்வலவில் இறங்கும் வரை போன் அடிக்கவில்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கோயிலுக்குள் நுழைந்தாள். சேலையில் வாய்க்கால் சேறு. ஷெனாலி ஓடி வந்து ஒன்றும் கேட்காமல் பிள்ளையைக் கையில் கொடுத்தாள். பிள்ளை பால் மணத்தது. ஃபாதர் பதிவுப் படிவத்தை எடுத்து, ஞானத்தாயின் பெயரைக் கேட்டு எழுதினார்.

"விலாசம்?"

அடுத்த வாங்கில் உட்கார்ந்திருந்த ஜீவராஜ் குனிந்து தரையைப் பார்த்தான். கெத்தரின் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றி, போனை எடுத்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"தங்கச்சி வீட்டு விலாசத்த எழுதுங்க ஃபாதர்" என்றாள்.