குருவை மிஞ்சிய டேப்ரிக்கார்டர்

தங்கமணி பசுந்தாங்கில் வாயைத் திறந்தால் இரண்டு பேட்டை தள்ளி கியாக்டடாவில் பஸ்கள் நிற்கும். யாரோ விசிலடித்ததாக டிரைவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இதை நம்பாதவர்கள் அந்தக் குரலைக் கேட்காதவர்கள்.

எண்பத்தெட்டில் அவளுடைய மாமா கப்பலிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தார். புளூகிராஸ் என்ற அமெரிக்க மலைநாட்டுப் பாட்டு. பாஞ்சோ, பிடில், மாண்டலின், நடுவில் வானத்தைக் கீறும் ஓர் ஆண்குரல். அந்தக் குரலையே குருவாக வரித்து, செகண்ட்ஹேண்டில் வாங்கிய டேப்ரிக்கார்டரில் போட்டுப் போட்டுப் படித்தாள். பிறகு குழு கட்டினாள். அவள் பாட்டும் பாஞ்சோவும், அப்துல் பாரி பிடில், ரயில்வே குமாஸ்தாவான நான் மாண்டலின். அந்த வேகத்துக்கு வாசித்து என் விரல்ரேகையே அழிந்தது. பதிவு அட்டைக்குக் கைநாட்டு வைக்கப் போனால் அதிகாரி என்னைப் பேயென்று சந்தேகித்தார்.

பதினெட்டு வருடம் கழித்து அவள் குரல் உச்சியில் உடைந்தது. குருவின் சுருதியைத் தொட முடியாதவள் பாடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை லான்மடாவ் பேட்டைக் கல்யாணத்தோடு குழுவைக் கலைக்கிறேன் என்றாள். சுருதியை இறக்கலாமே என்று கெஞ்சினோம். அது குருவின் சட்டையைப் பிடித்து இழுப்பது மாதிரியாம்.

அந்த வாரம் பார்த்து டேப்ரிக்கார்டர் நின்றது. கடைசியாக ஒருதரம் குருவைக் கேட்க வேண்டுமென்று பர்கத்துல்லாவின் ரேடியோ கடைக்குத் தூக்கிப்போனோம். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது இந்தப் பெட்டி மோட்டாரே இல்ல, மா தங்கமணி. முன்னாடியே யாரோ வேற மாட்டிருக்காங்க. கன்னாபின்னான்னு வேகமா ஓடும், குரலும் மேல ஏறிடும். இத்தனை வருசமா இதையா கேட்டீங்க?"

சரியான மோட்டாரைப் போட்டு ஓடவிட்டார். மூன்று கிண்ணம் மீன்குழம்பு மொஹிங்கா சாப்பிட்டவர் போல குரு நிதானமாக, தணிந்த குரலில் பாடினார்.

அப்துல் பாரி தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த உச்சியில் குரு ஏறியதே இல்லை. பதினெட்டு வருடமாக அங்கே இவள் ஒருத்திதான் நின்றிருக்கிறாள்.

தங்கமணி பாட்டு முடியும்வரை கேட்டாள்.

"பாவம், தொண்டை கட்டிருக்கு," என்றாள்.

ஞாயிறன்று, அவள் சிரமப்படக் கூடாதென்று மாண்டலினை இரண்டு கட்டை இறக்கி வைத்தேன். ஒரு தந்தியைத் தட்டிப் பார்த்தாள்.

"யாருக்காக எறக்கினீங்க, ஆதப்பண்ணே? ஏத்துங்க."

ஏற்றினேன். உச்சியில் குரல் மறுபடி உடைந்தது. அவள் நிற்கவில்லை, உடைந்த இடத்திலேயே கால் வைத்து மேலே போனாள். அன்று கியாக்டடாவில் நின்ற பஸ்களில் ஒன்று, நான்கு வருடமாகியும், இன்னும் கிளம்பவில்லை.