எதிலும் மாட்டாமல் தொங்கிய குண்டான்

பாலம் கட்டும் முகாமின் பருப்புக் குண்டான், மேலே எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் தொங்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினொரு மணிக்குச் சற்று முன்பு. நாற்பது பேருக்குப் பசி எடுக்கும் நேரம் என்பதால் முதல் அரைமணி நேரம் அதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்பு வரை அந்தக் குண்டானுக்குப் பிடியே கிடையாது. கம்பெனி அனுப்பியது சுருட்டிய விளிம்பு மட்டும் உள்ள மொட்டை அலுமினியக் குண்டான். சமையல்காரி அதை ஆற்று மணலில் மூன்று கல் வைத்துச் சமைத்தாள். மணலில் கல் எத்தனை நாள் நிற்கும்? ஒருநாள் ஒரு கல் புதைந்து, குண்டான் சாய்ந்து, கொதிக்கிற தண்ணீர் அவள் இடது பாதத்தில் கொட்டியது. அப்போது அவளுக்கு ஐந்து மாதம். கொப்புளம் வற்றப் பதினெட்டு நாள் ஆயிற்று. அவள் புருஷன் அதே முகாமில் கம்பி கட்டுகிறவன், வாயில்லாப் பூச்சி. அந்தப் பதினெட்டு நாளும் அவன் சோற்றைப் பிசைந்தானே தவிரச் சாப்பிடவில்லை. "இன்னொரு தடவை கொட்டிச்சுன்னா நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்களாச்சு, உங்க பாலமாச்சு" என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பத்தொன்பதாம் நாள் அவன் நான்கு இழைக் கட்டுக்கம்பியை ஒன்றாகச் சேர்த்து, விளிம்புக்குக் கீழே குண்டானின் கழுத்தைச் சுற்றி இறுக்கினான். எதிரெதிராக இரண்டு இடத்தில் கம்பியைக் காது போல வளைத்தான். ஆறு மில்லி கம்பி ஒன்றை அரைவட்டமாக்கி, முனைகளைக் காதுகளில் நுழைத்து மேல்நோக்கி மடக்கினான். பிடியின் நடுவே சின்னதாக ஒரு பள்ளம், கொக்கி வழுக்காமல் இருக்க. முடிச்சுக்கு இரண்டு முறுக்குதான் கணக்கு, அதிகம் போனால் கம்பி அறுந்துவிடும் என்பது அந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருவது. அவன் ஏழு முறுக்குப் போட்டான். அறவில்லை. ஒவ்வொரு முறுக்குக்கும் "விழக் கூடாது" என்று அவன் முணுமுணுத்ததைப் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். பிறகு இரண்டு கவைக்கம்பு நட்டு, குறுக்கே தடி வைத்து, தடியில் கொக்கி கட்டிக் குண்டானை மாட்டினான்.

சாரம் கட்டுகிறவர்களுக்கு நேரான தடியைக் கண்டால் கை சும்மா இருக்காது. கேட்டு எடுக்கிற வழக்கமும் கிடையாது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் குண்டானோடு பருப்பைக் கழுவப் போயிருந்தபோது, குறுக்குத் தடியைக் கொக்கியோடு உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் யாரையோ திட்டிக்கொண்டே திரும்பி வந்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வழக்கமான உயரத்தில் வழக்கம்போலக் குண்டானை மாட்டிவிட்டு விறகைத் தள்ளினாள். தடி போன விஷயம் அவளுக்கும் தெரியாது, குண்டானுக்கும் தெரியாது.

முதலில் பார்த்தவர் மேஸ்திரி. பிடிக்கு மேலே கையை இப்படியும் அப்படியும் வீசிப் பார்த்தார். "என்னம்மா இது, மேல ஒண்ணுமே இல்லையே!" என்றார். "கையை எடுங்க, பருப்புல தூசு விழும்" என்றாள் அவள்.

மறுநாள் எஞ்சினியர் ஜீப்பில் வந்தார். பிடியில் ஒவ்வொன்றாகப் பதினாறு சிமெண்டு மூட்டை கட்டச் சொன்னார். பிடி அசையவில்லை. தூணே இல்லாமல் பாலத்தைத் தொங்கவிடும் திட்டம் ஒன்று அவர் கண்ணில் மின்னியது. அதே மாதிரி ஐம்பது பிடி செய்யச் சொன்னார். கம்பிக்காரன் அதே கம்பியில், அதே ஏழு முறுக்கில் செய்து கொடுத்தான். ஐம்பதும் விழுந்தன, கடைசியாக விழுந்தது எஞ்சினியரின் கால் கட்டைவிரல் மேலேயே. "ஏன்யா விழுது?" என்று கத்தினார். கம்பிக்காரன் தலையைச் சொறிந்தான். "இதெல்லாம் பாலத்துக்குன்னு முறுக்கினது சார். அது அவ கால்ல விழக் கூடாதுன்னு முறுக்கினது" என்றான். எஞ்சினியர் நொண்டியபடி தூண் வேலைக்கே திரும்பினார்.

ஆறு பெருகியது அடுத்த மாதம், நல்ல வெயிலில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில். மழை எங்கோ மேற்கே பெய்திருந்தது. ஆண்கள் கரையேறிவிட்டார்கள். காலில் பழைய தழும்பும் வயிற்றில் ஆறு மாதமுமாக அவளால் ஓட முடியவில்லை. தண்ணீர் அடுப்பை அணைத்தது, கவைக்கம்புகளைப் பிடுங்கியது, அவளையும் இழுத்தது. அவள் இரண்டு கையாலும் குண்டானின் பிடியைப் பற்றிக்கொண்டாள். மார்பு வரை வெள்ளம். மரங்கள் வேரோடு மிதந்து போயின. அந்த ஆற்றின் நடுவே, வானத்துக்குக் கீழே வேறு ஆதாரமே இல்லாத ஒரு கம்பி வளையத்தில், ஒரு பெண்ணும் அவள் வயிற்றுப் பிள்ளையும் நாற்பது பேரின் பருப்பும் நான்கு மணி நேரம் தொங்கினார்கள். நீந்தத் தெரியாத கம்பிக்காரனை மூன்று பேர் பிடித்து வைத்திருந்தார்கள். அவன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, என்ன சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியும் அதையே முணுமுணுக்கத் தொடங்கினார். பிறகு சாரம் கட்டுகிறவர்களும், பிறகு எல்லோரும்.

தண்ணீர் வடிந்ததும் அவள் மணலில் கால் ஊன்றி, முதல் காரியமாகக் குண்டானுக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்கவில்லை. புருஷன் ஓடிவந்து, கம்பி அறுத்த அவள் உள்ளங்கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதான். "பிடி நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்ட முதல் பாராட்டு அது. பருப்பு ஆறியிருந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

பாலம் தூண்களோடு முடிந்தது. குண்டானின் அடி தேய்ந்து ஓட்டை விழுந்தது. பிடியையும் கழுத்துக் கம்பியையும் கழற்றி எடுத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு அவர்கள் நகரத்தில் ஓர் அறைக்குக் குடிபோனார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கூரையில் கொக்கி போடக் கூடாது என்பது வீட்டுக்காரம்மாவின் கண்டிப்பு. அறைக்குள் தூளி ஆடுகிறது என்று யாரோ காதில் போட, அந்தம்மா வரிந்துகட்டிக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்து கூரையைப் பார்த்தாள். வெள்ளையடித்த கூரை, ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு இரண்டு முழம் கீழே கம்பி வளையம், அதன் காதுகளில் பழைய துணி, துணிக்குள் குழந்தை.

"நான்தான் ஆணி அடிக்கலையேம்மா. மெதுவாப் பேசுங்க, இப்பத்தான் தூங்கினா" என்றாள் சமையல்காரி.

வீட்டுக்காரம்மா இன்னொரு தடவை கூரையைப் பார்த்தாள். பிறகு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, "நான் கொஞ்சம் ஆட்டட்டுமா?" என்று கேட்டாள்.