பதினான்கு பன் நறுக்குகள்

1938ஆம் ஆண்டு காத்தான்குடி வாசிகசாலையில் நான் ஒரு புத்தகத்தைச் சுத்தம் செய்தேன். என் ஆராய்ச்சிக் காலத்தில் நான் செய்த பெரிய பிழை அதுதான்.

ஊர்களில் யார் எதை வாசிக்கிறார்கள் என்று அறிந்துவர, கொழும்பிலிருந்த எங்கள் ஆராய்ச்சிக் குழு என்னை அனுப்பியிருந்தது. அதிகம் பேசாதவன் என்பதால் இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. முப்பது வாசகர்களாவது இருக்கிற வாசிகசாலைக்கு ஆண்டுதோறும் ஒரு பெட்டி புத்தகம் வரும். என் கணக்கில் அதற்குக் குறைந்தால் வராது. வாசிகசாலையைப் பார்த்துக்கொண்ட அசனார் காக்காவுக்கும் இது தெரியும். அவர் நெசவாளி; ஊருக்கே காக்கா, அதாவது அண்ணன். தறியில் பாதி நாள், இங்கே பாதி நாள்.

இரவல் பதிவேட்டில் ஆறே பெயர்கள்.

"எடுக்கிறவங்கதான் ஆறு பேர், தம்பி. வாசிக்கிறவங்க கனபேர்," என்றார்.

"எங்கே அவர்கள்?"

"வீட்டில. பொம்புளையள். அவங்கட பேர நான் எப்பிடிப் பதியிற?"

இதே பதிலை வேறு ஊர்களிலும் சாக்காகக் கேட்டிருந்தேன். நம்பவில்லை.  அவர் மாலை அஸர் தொழுகைக்குப் போகும்போது, புத்தகப் பெட்டி வைக்கவென்று சுவரோரம் ஒதுக்கியிருந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

நான் புத்தகங்களின் நிலையைச் சோதித்தேன். ரங்கூனில் காணாமற்போன கணவனைத் தேடிக் கப்பலேறும் ஒரு பெண்ணின் கதை. அட்டை கழன்ற புத்தகம். உள்ளே அங்குமிங்கும் பாய் இழைக்கும் பன்புல் துண்டுகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, இரண்டு நிறம் முறுக்கியவை. பதினான்கையும் உருவி யன்னலுக்கு வெளியே போட்டேன். வாவிக் காற்று அள்ளிக்கொண்டு போனது. 'புத்தகங்களில் குப்பை சேர்ந்திருக்கிறது' என்று குறிப்பும் எழுதினேன்.

மறுநாள் காலை அசனார் காக்கா ஓடிவந்தார்.

"அந்தக் கப்பல் கதையில கிடந்த பன்னெல்லாம் எங்க தம்பி?"

சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் விளங்கியது. அந்தப் புத்தகம் வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு வீட்டிலும் எழுத்துத் தெரிந்த ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் பாய் இழைத்தபடி கேட்பார்கள். நிறுத்தும் இடத்தில் தங்கள் வீட்டுச் சாயம் தோய்த்த பன் நறுக்கை வைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள்.

"உங்கள எங்கட வீட்டுக்கு வரட்டாம். பொம்புளையள் எல்லாரும் கூடி நிக்காங்க," என்றார்.

புத்தகத்தோடு போனேன். அவர் வீட்டு வாசலில் எனக்குப் பாய் விரித்திருந்தார்கள். எனக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு புதுப் பன்பாய் தொங்கியது. அதற்குப் பின்னால் வளையல் சத்தம்.

"பதினாலு வீட்டாக்களயும் நடுக்கடல்ல விட்டுட்டீங்களே மனே," என்றது ஒரு குரல். அசனார் காக்காவின் மனைவி ஆமினா உம்மா. "பக்கத்துக்கு ஒரு வரி வாசிங்க. அவங்கவங்கட இடம் வந்தாச் சொல்லுவாங்க."

நான் உரக்க வாசித்துப் பல வருடங்கள். முதல் வரி எனக்கே கேட்கவில்லை.

"சோறு தின்னயில்லயோ?" என்றாள் ஒருத்தி.

குரலை உயர்த்தினேன். பாய்க்குப் பின்னால் வளையல்கள் ஓய்ந்தன. மௌனங்களோடு வாழ்ந்தவன் நான். ஆனால் இப்படிக் காது கொடுத்த மௌனத்தை அறிந்ததில்லை.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில், "நிப்பாட்டுங்க!" பாயின் கீழால் ஒரு சிவப்பு நறுக்கு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு வாசகர் தொகைப் படிவத்தை எடுத்தேன்.

"உங்கள் வீட்டில் எத்தனை பேர் கேட்பீர்கள்?"

"நாலு. மாமியோட அஞ்சு."

"மாமி நித்திரையெல்லோ!" என்றாள் இன்னொருத்தி.

"நித்திரையிலயும் சரியான இடத்தில அழுவா."

ஐந்து என்று எழுதினேன்.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் றபீக்கா என்பவள் நிறுத்தச் சொன்னாள். உடனே அடுத்த வீட்டு நஸீறா பாய்ந்தாள்.

"பொய்! இன்னும் கப்பல் ஏறயில்ல எண்டு நேத்துத்தானே சொன்னா. என்னய முந்தப் பாக்கிறா."

"நான் எப்பயோ ஏறிட்டன்."

"அப்ப, கப்பல்ல அவக்குப் பக்கத்தில இருந்தது ஆரு? சொல்லு பாப்பம்."

வளையல் ஒன்று மேலும் கீழும் உருண்டது.

"தம்பி," என்றாள் றபீக்கா மெல்ல, "அஞ்சு பக்கம் பின்னுக்குப் போங்க."

சிரிப்பில் பாயே குலுங்கியது.

கடைசி நறுக்கு ஆமினா உம்மாவுடையது. பதினான்கு வீடுகள், அறுபத்துமூன்று பேர். முற்றத்தில் நின்ற அசனார் காக்கா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்பை என்ற குறிப்பை அடித்துவிட்டேன். வாசகர் தொகை அறுபத்துமூன்று என்று எழுதி, கீழே 'நேரில் காணவில்லை. காதால் கேட்டேன்' என்று சேர்த்து அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை வாசித்தார். பிறகு வீதிப் பக்கம் திரும்பி நின்றார்.

நான் புத்தகத்தை மூடினேன்.

"ஏன் மூடுற?" என்றார் ஆமினா உம்மா.

"எல்லாருடைய இடமும் வந்தாயிற்றே."

"பக்கத்துக்கு ஒரு வரி கேட்டுட்டு, மிச்சம் தெரியாம நாங்க எப்பிடிப் பாய் இழைக்கிற? சிவப்புப் பன்னில இருந்து வாசிங்க மனே."

வீதியில் மட்டக்களப்பு பஸ் ஹோர்ன் அடித்தது. நான் போகவேண்டிய பஸ். எழுந்திருப்பதா என்று அசனார் காக்காவைப் பார்த்தேன்.

அவர் பஸ்ஸைப் போகச் சொல்லிக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.