கால் அங்குலம்

விண்ணோடத்தைப் பாகம் பாகமாகப் பூட்டி நிறுத்துகிற அந்தக் கொட்டகையில் சோதனைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு ரப்பர் சீல் உண்டு. ஒரு வட்டம், அதற்குள் ஒரு எண். வெண்டெல் பர்விஸின் எண் 217. தாளில் அந்த வட்டம் விழுந்தால்தான் கிரேன் அடுத்த துண்டைத் தூக்கும். சீலைக் கை மாற்றக் கூடாது என்பது சட்டம். அவசரத்துக்கு எல்லோரும் மாற்றினார்கள் என்பது நடப்பு.

ஓடத்தை மேலே தள்ளுகிற ராக்கெட் முழுசாக வராது. துண்டு துண்டாக, படுக்க வைத்து, மேற்கிலிருந்து ரயிலில் புளோரிடா வந்து சேரும். வழியெல்லாம் படுத்தே வருவதில் சில துண்டுகள் தம் கனத்தாலேயே வட்டம் கெட்டு முட்டை வடிவாகிவிடும். அப்படியானால் துண்டும் துண்டும் சேருகிற மூட்டு பொருந்தாது, உள்ளிருக்கும் நெருப்பு வெளியே கசியும். அரைக்கால் அங்குலம் வரை கெட்டிருந்தால் பரவாயில்லை. அந்த ஜனவரியில் வெண்டெல் அளந்த துண்டு கால் அங்குலம் கெட்டிருந்தது. மூன்று தடவை அளந்தான். மூன்று தடவையும் கால் அங்குலம்.

இறுக்குக் கருவி மாட்டி வட்டத்துக்குக் கொண்டுவர இரண்டு நாள் பிடிக்கும் என்று மேற்பார்வையாளர் ஸ்ட்ரவுடிடம் சொன்னான். ஸ்ட்ரவுட் பல்குச்சியைக் கடித்துக்கொண்டே, ஓடம் கிளம்புகிற தேதியை டிவியில் சொல்லியாகிவிட்டது என்றான். வெண்டெல் தாளை எடுத்தான். சீல் விழ வேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டான். அவனுடைய பதில் அதுதான்.

மதியம் மூன்று மணிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. பனியில் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்து அடுக்களையெல்லாம் தண்ணீர் என்றாள் மனைவி ரோடா. போல்ட்டுகளைச் சரிபார்த்துச் சீல் குத்த வேண்டிய பத்துத் தாள்கள் பாக்கி இருந்தன. சின்ன வேலை. சீலை லோனியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். லோனி ரோடாவின் தம்பி. ஆரஞ்சுத் தோட்டத்தில் ஏணி சுமந்துகொண்டிருந்தவனை இந்த வேலைக்குக் கூட்டிவந்து சேர்த்ததே வெண்டெல்தான்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அந்தத் துண்டு மற்றத் துண்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இராத்திரி ஆட்கள் இறுக்கி, அவர்களுடைய சோதனைக்காரனே அளந்து முடித்தான் என்றான் லோனி. இரண்டு நாள் வேலை ஒரே இராத்திரியில் எப்படி முடியும் என்று கேட்டிருக்க வேண்டும். சொன்னது லோனி என்பதால் கேட்கவில்லை.

சொன்ன தேதியில் ஓடம் கிளம்பி ஒரு நிமிடம் முடியுமுன் வானத்திலேயே சிதறியது. உள்ளே ஆறு பேர். ஓடம் நல்லபடியாக ஏறினால் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிடுவது அங்கே வழக்கம். அன்று வெந்த பீன்ஸை அண்டாவோடு கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பெனி வக்கீல் அவனைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். அவன் வெறுமையாக விட்ட கட்டத்தில் சிவப்பாக 217. பக்கத்தில் பேனாவில் மாலை ஐந்து மணி என்று எழுதியிருந்தது. இந்த வட்டம் இருக்கிற வரைக்கும் மூட்டில் குறை இல்லை என்றுதான் அர்த்தம், விசாரணையில் ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்று தோளில் தட்டினார்.

வெண்டெல் நேரே லோனி வீட்டுக்குப் போனான். லோனி வண்டியின் பின்பலகையில் மடவை மீன் அறுத்துக்கொண்டிருந்தான்.

"வா மச்சான். மீன் எடுத்துட்டுப் போ, அக்கா கேட்டுச்சு."

"அந்தக் கட்டத்துல குத்தினது யாரு?"

லோனி இன்னும் இரண்டு மீனின் தலையை அறுத்தான்.

"ஸ்ட்ரவுட் பக்கத்துல நின்னு குத்துன்னான். குத்தினேன்."

"அளந்தீங்களா?"

"நீதான் அளந்துட்டியே. நாங்க அளந்தா மட்டும் குறைஞ்சிரப் போவுதா?"

"ராத்திரி ஆளுங்க இறுக்கினாங்கன்னு சொன்னியேடா."

"நீ நிம்மதியா தூங்கட்டும்னு சொன்னேன். இப்பவும் அதுக்குத்தான் சொல்றேன். சீல் இருக்கிற வரைக்கும் மூட்டு சரி. மூட்டு சரின்னா நம்ம யார் தலையும் உருளாது. நீ போய்க் கால் அங்குலம்னு வாயத் தொறந்தா, அடுத்த கேள்வி என்ன தெரியுமா? 217 யாருன்னு கேப்பான்."

"என் சீல்ல பொய்யக் குத்தியிருக்கடா."

"தூக்கிக் குடுத்தது யாரு மச்சான்? நானா வந்து திருடினேன்?"

மீனை வாங்காமல் வீட்டுக்கு வந்தான். ரோடாவிடம் சொன்னபோது அவள் முகத்தில் திடுக்கிடல் எதுவும் இல்லை. ஓடம் சிதறிய அன்றைக்கே தம்பி வந்து அழுதுவிட்டுப் போனானாம். இரண்டு வாரமாக அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வெண்டெலுக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

கொட்டகை வாசலில் உள்ளே போகிறவனைத்தான் பார்ப்பார்கள், வெளியே வருகிறவனை எழுதி வைப்பதில்லை. சீல் விழுந்த அன்று மாலை அவன் அங்கே இல்லை என்பது, லோனியையும் ஸ்ட்ரவுடையும் விட்டால், அவளுக்கு மட்டும்தான் தெரியும். விசாரணையில் நான் வீட்டுக்கு வந்த நேரத்தை மட்டும் சொல், வேறெதுவும் வேண்டாம் என்று கேட்டான். லோனிக்கு மூன்று பிள்ளைகள் என்றாள். செத்தவர்களுக்கும் இருந்தன என்றான். அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

விசாரணை ஊர் நீதிமன்றக் கட்டிடத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் விசாரணைத் தலைவர். ரோடா சர்ச்சுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு அவனோடு ஒரே காரில்தான் வந்தாள். உள்ளே போனதும் லோனி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெண்டெல் ஒன்றுவிடாமல் சொன்னான். அளந்ததை, கட்டத்தை வெறுமையாக விட்டதை, சீலைக் கை மாற்றியதை. சீல் கொடுத்ததற்கே வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னான். தலைவர் லோனியை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார். பர்விஸ் தன் கையால்தான் குத்தினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்றான் லோனி. ஸ்ட்ரவுடும் அதையே சொன்னான். அடுத்து தலைவர் ரோடாவைக் கேட்டார். அன்றைக்கு உங்கள் கணவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார்?

"ஆறு மணிக்குங்க. எப்பவும் வர்ற நேரந்தான்."

"குழாய் வெடித்ததாகச் சொல்கிறாரே?"

"அது வேற நாள்."

அவள் அவன் பக்கம் பார்க்கவில்லை. அவன் அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். பத்தொன்பது வருஷத்தில் அவள் பொய் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னாள்.

கம்பெனி வக்கீல் எழுந்து, நண்பர் மனம் கலங்கியிருக்கிறார், சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள் என்றார். தலைவருக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. திரும்பப் பெற்றால் மூட்டு சரி, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். வேலைக்கும் போகலாம்.

"அஞ்சு நிமிஷம் வேணாம்," என்றான் வெண்டெல். "குத்தினது நான்தான்னே எழுதிக்கோங்க."

வக்கீல் உட்கார்ந்தார்.

"ஆனா கால் அங்குலம் இருந்துச்சு. அத எழுதுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். குறை இருக்கிறது என்று தெரிந்தே சீல் குத்தியதாக அதற்குப் பொருள், புரிகிறதா என்று கேட்டார்.

"புரியுது. எந்த மூட்டு, எந்த இடத்துல வச்சு அளந்தேன், எல்லாம் சொல்றேன். விடாம எழுதச் சொல்லுங்க. அதே மாதிரி இன்னும் நாலு துண்டு ரயில்ல வந்து கெடக்கு."

தட்டச்சுக்காரி தாளை மாற்றினாள். வெண்டெல் முதல் அளவிலிருந்து ஆரம்பித்தான். பின்னால், ரோடாவும் லோனியும் இருந்த பக்கம், நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எழுந்து போனது ஒருவரா இருவரா என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது அளவைச் சொன்னான்.