பீரோ கண்ணாடியில் சடையப்பன்

சடையப்பன் பதினெட்டு வருஷம் கல்யாண வீடுகளில் வீடியோ லைட் பிடித்தார். கடலூரிலும் பண்ருட்டியிலும் சிதம்பரத்திலும் அவர் வெளிச்சம் காட்டாத மண்டபம் இல்லை. ஆனால் அங்கே எடுத்த ஒரு படத்திலும் அவர் இல்லை. லைட் பிடிக்கிறவன் கேமராவுக்கு முன்னால் வந்துவிட்டால் அத்தனை சனத்துக்கு நடுவே திட்டு விழும். ஊரார் முகத்தையெல்லாம் பளிச்சென்று காட்டிவிட்டு, 2005 மாசியில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் இருந்த ஒரே கல்யாணப் படம் அதே வருஷம் ஐப்பசி வெள்ளத்தில் சட்டத்தோடு ஊறிப் போயிற்று. வாக்காளர் அட்டையில் ஒரு படம் உண்டு. அதைக் காட்டினால் அவரையே ஓட்டுப் போட விட்டிருக்க மாட்டார்கள். மிச்சம் இருந்தது பேங்க் பாஸ்புக்கில் ஒட்டிய சின்னப் படம், அதிலும் பாதிக் கன்னத்தில் ரப்பர் ஸ்டாம்பு. கணக்கை முடிக்கப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் மகள் சந்திரலேகா அந்தப் படத்தை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டாள்.

மாசி வந்தால் முதல் வருஷப் படையல். இலைக்கு நேரே மாலை போட்ட படம் இருக்க வேண்டும். “படம் இல்லாம யாருக்குடி படைக்கிறது, செவுத்துக்கா?” என்று அம்மா தங்கம்மாள் கார்த்திகையிலேயே ஆரம்பித்துவிட்டாள். “நான் கொண்டாரேன்மா” என்றாள் சந்திரலேகா. சொன்னால் சொன்னதுதான் அவள்.

அப்பா வேலை பார்த்த மஞ்சக்குப்பம் மணவாளன் ஸ்டுடியோவில்தான் அவளுக்கும் வேலை. படம் வெட்டுவது, லேமினேஷன் போடுவது, ஆல்பம் ஒட்டுவது. போட்டோஷாப் இருந்த கம்ப்யூட்டரை மணவாளன் மட்டுமே தொடுவார். அவரும் அதில் என்ன கிழித்தார்? எல்லா மாப்பிள்ளையையும் சிவப்பாக்குவார், எல்லாப் பெண்ணுக்கும் பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியைக் கொட்டவிடுவார். மதியம் அவர் சாப்பிடப் போகும் ஒன்றரை மணி நேரத்தைச் சந்திரலேகா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தினமும் அப்பாவைத் திறப்பாள். நல்ல தோலிலிருந்து கொஞ்சம் எடுத்து ஸ்டாம்பு மை மேல் வைத்து வைத்து அழிப்பாள். மணவாளன் வருவதற்குள் சேவ் செய்து மூடிவிடுவாள். ஸ்டுடியோவில் ஒரு சட்டம் இருந்தது: எந்தப் படமும் ஜேபெக்தான், தரம் மூன்றுக்கு மேல் வைக்கக் கூடாது, ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிடும். அவளும் அப்படியே செய்தாள். இருபத்திரண்டு நாளில் ஸ்டாம்பு போயே போய்விட்டது. சந்தோஷமாகப் பெரிய சைஸில் பிரிண்ட் போட்டாள்.

வெளியே வந்த தாளில் அப்பா இல்லை. சதுரம் சதுரமாக ஒட்டுப்போட்ட ஒரு தோல் இருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் கட்டம்.

“சின்னப் படம்மா, பெருசு பண்ணா அப்படித்தான்” என்றார் மணவாளன். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. கடையில் இருந்த பிளாஸ்டிக் ரோஜாவைப் படம் எடுத்து, அதே தரம் மூன்றில் சேவ் செய்து, மூடி, லேசாக ஒரு கோடு தொட்டுத் திறந்து மறுபடி சேவ் செய்தாள். இருபத்திரண்டு தடவை. கடைசி ரோஜாவை முதல் ரோஜாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கிவிட்டது. ஒவ்வொரு சேவிலும் ஜேபெக் இடத்தை மிச்சம் பிடிக்கப் படத்தில் கொஞ்சத்தைக் கழித்துவிடுகிறது. அதே ரோஜாவை டிஃப் என்கிற வேறு வகை ஃபைலாக அதேபோல் சேவ் செய்து பார்த்தாள். இருபத்திரண்டாவதும் முதலாவதும் ஒன்றேபோல் இருந்தன. தெரிந்து என்ன செய்ய? ஒரிஜினல் மேலேயே சேவ் செய்திருந்தாள். அப்பாவின் ஒரே முகத்தைத் தன் கையாலேயே தேய்த்துத் தீர்த்துவிட்டோமே என்று அன்றைக்கு லேமினேஷன் மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, “மாமா, பழைய நெகட்டிவ் பொட்டியெல்லாம் எங்க இருக்குது?” என்று கேட்டாள்.

“அதுல ஒங்கப்பா இருக்க மாட்டாருடி. எத்தினி தடவ நானே அவர ஒதுங்குய்யான்னு கத்தியிருக்கேன்.”

“ஒதுங்குனவரு எங்கயாச்சும் நின்னுருப்பாருல்ல?”

மேல் பரணில் பதினாலு பெட்டி. தினம் ஒரு பெட்டியாக இறக்கி, ஒவ்வொரு சுருளையும் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நெகட்டிவில் எல்லாரும் வெள்ளை முடியும் கறுத்த முகமுமாகத் தெரிந்தார்கள். கழுத்து வலித்தது, கண் எரிந்தது, படையலுக்கு இருபத்தைந்து நாள்தான் இருந்தது. அவள் விடவில்லை.

பதினோராவது பெட்டியில் 98ஆம் வருஷத்துச் சிதம்பரம் கல்யாணம் ஒன்று. நம் பக்கத்தில் பெண் வீட்டுச் சீரை மண்டபத்தில் வரிசையாக வைப்பார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் பீரோ பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்தே ஆக வேண்டும். அந்தப் படத்தில் பீரோ கதவின் ஆளுயரக் கண்ணாடிக்குள் ஒரு கறுத்த புள்ளி இருந்தது. நெகட்டிவில் கறுப்பு என்றால் நிஜத்தில் வெளிச்சம். அதற்குக் கீழே தூக்கிய ஒரு கை, கைக்குக் கீழே ஓர் ஆள். சந்திரலேகா லென்ஸை வைத்துப் பார்த்தாள். வைத்த லென்ஸை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஸ்டுடியோ ஸ்கேனரில் நெகட்டிவ் ஏறாது. மறுநாள் லீவு போட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். மேலவீதிக் கலர் லேபில் அன்புமணி என்கிறவன் ஸ்கேன் பார்த்தான்.

“பொண்ணு மாப்ள பெருசா வேணுமாக்கா?”

“பீரோதான் வேணும். ஒங்க மெஷினு எவ்ளோ தாங்குமோ அவ்ளோ பெருசா.”

“சரி, ஜேபெக்ல போட்டு சிடி குடுக்குறேன்.”

“டிஃப்ல குடுங்க.”

“டிஃபா? ஒரே படம் அறுவது எம்பி வரும்க்கா. ஒங்க சிஸ்டம் படுத்துக்கும்.”

“படுத்தா எழுப்பிக்கிறேன். இன்னொரு சிடியிலயும் போடுங்க. ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்.”

இந்தத் தடவை அவள் பழைய சந்திரலேகா இல்லை. டிஃபைத் தொடவே இல்லை. அதற்கு மேலே ஒரு லேயர் போட்டு அதில்தான் வேலை. தினமும் தேதி வைத்து, லேயர் கலையாத தனித்தனி பிஎஸ்டி ஃபைல். “டிஸ்க்கு ரொம்புது” என்று மணவாளன் முணுமுணுத்தபோது, “ரெண்டு நீர்வீழ்ச்சிய அழிச்சிக்குங்க மாமா” என்றாள்.

கண்ணாடியின் பச்சைச் சாயலை எடுத்தாள். தூசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். லைட்டைப் பொண்ணு மாப்பிள்ளை பக்கம் திருப்பிப் பிடித்திருந்ததால் அப்பாவின் கன்னத்தில் கொஞ்சம்தான் வெளிச்சம் விழுந்திருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். முகம் வந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று இடறியது. புருவத்தை மாற்றிப் பார்த்தாள், உதட்டைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு எல்லாவற்றையும் திரும்ப அழித்தாள். தன் கை வேலையில்தான் குறை என்று நினைத்துக்கொண்டாள்.

படையலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, நெஞ்சு வரைக்கும் வெட்டி எடுப்பதற்கு முன்னால், அம்மாவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்காரவைத்துப் படத்தைத் திறந்தாள்.

தங்கம்மாள் வெகுநேரம் பார்த்தாள்.

“யாருடி இது?”

“அப்பாம்மா.”

“இல்ல. அவர மாரி இருக்குது. அவரு இல்ல.”

இரண்டாவது தடவையும் கெடுத்துவிட்டேனா என்று சந்திரலேகா படத்தைப் பெரிதாக்கினாள்.

“சட்டையப் பாரேன்” என்றாள் தங்கம்மாள். “பாக்கெட்டு சோத்தாங்கை பக்கம் இருக்குது. எந்தத் தையக்காரன் அப்படி வப்பான்?”

சந்திரலேகா பாக்கெட்டைப் பார்த்தாள். வலது பக்கம்தான் இருந்தது. ஒன்பது நாளாகக் கண்ணெதிரே இருந்திருக்கிறது. கண்ணாடிக்குள் நிற்கிற மனுஷன்! தலையில் அடித்துக்கொண்டு, மெனுவில் போய் இடவலம் திருப்புகிற கட்டளையை அழுத்தினாள்.

பாக்கெட் இடது பக்கம் வந்தது. வகிடு வரவேண்டிய பக்கம் வந்தது. இடறிக்கொண்டிருந்தது எல்லாம் ஒரே நொடியில் சரியாகிவிட்டது. வேர்த்த முகமும் தூக்கிய கையுமாகச் சடையப்பன் அவர்கள் இருவரையும் பார்த்தார்.

தங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

“அம்மா?”

தங்கம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. லைட்டைத் தூக்கிய அந்தக் கையையே பார்த்தாள்.

“கைய எறக்கிக்கச் சொல்லுடி” என்றாள். “எம்மா நேரமா தூக்கிக்கினே நிக்கிறாரு.”