யார் வீட்டு ரொட்டி

முஃபத்தல் கஞ்சாவை விட்டு நாற்பத்தொரு நாளாகிறது. இருபத்திரண்டு வருடம் உதட்டோடு ஒட்டியிருந்த நீளக்குழாயை, மனைவி ரஹீமோவின் கண்ணெதிரே தன் ரொட்டி அடுப்பிலேயே போட்டு எரித்தவர். மறுபடி தொட்டால் தெத்வான் நகரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாக அவள் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

உடம்பு நன்றி சொல்லும் என்று எதிர்பார்த்தார். அதுவோ பாகம் கேட்டு வந்த பங்காளியாட்டம் முறைத்துக்கொண்டு நின்றது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். அடுப்பு முன்னால் நிற்கையில் கூரை கொஞ்சம் கீழே இறங்கியதாகத் தோன்றும். ஒருமுறை கையைத் தூக்கி அளந்துகூடப் பார்த்தார். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ரொட்டி விஷயம். தெருவின் முப்பது வீட்டு மாவும் தட்டிய ரொட்டியாகப் பலகையில் ஏறி, கூலிக்குச் சுட அவர் அடுப்புக்குத்தான் வரும். எந்த வீட்டாரும் ரொட்டியில் அடையாளம் வைப்பதில்லை. வைத்தால், பார்த்தே வீட்டைச் சொல்லும் அவருக்கு அவமானம். விளிம்பு தடித்தது தையற்காரர் வீட்டுது, நடுவில் குழிந்தது ஃபாமா வீட்டுது. புகையில் மிதந்த காலத்தில் ஒன்றுகூட மாறியதில்லை. தெளிந்த பிறகுதான் மாறுகிறது.

அன்று மத்தியானம் எல்லாப் பலகையும் போனபின் நாலு ரொட்டி மிஞ்சியது. அவற்றைக் கூடையில் போட்டுக்கொண்டு, தோள் துணியால் முகத்தைத் துடைத்தபடி வீடு வீடாக ஏறினார். எங்களது இல்லை என்றார்கள். சொல்லிவிட்டு அவர் கண்ணை உற்றுப் பார்த்தார்கள், சிவந்திருக்கிறதா என்று. ஃபாமா மட்டும் பேருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு ‘சி’ போட்டு, வாயைத் திறந்தே கேட்டாள்:

“சி முஃபத்தல், குழாயை எரிச்சீங்களா, இல்ல இன்னும் பெருசா ஒண்ணு வாங்கிட்டீங்களா?”

அவரும் கூடவே சிரித்துவைத்தார். கடைசியாக ஒரு படி ஏறினார். அது அவர் வீட்டுப் படி.

ரஹீமோ கூடையைப் பார்த்தாள். “நம்ம ரொட்டி வர ஏன் இவ்வளவு நேரம்?”

“நம்மளதா?”

அவள் அவர் தோளிலிருந்த துணியை எடுத்து உதறினாள். மாவு பறந்தது. “காலையில நம்ம மாவை இதுலதானே சுத்திக் குடுத்தேன்?”

அவள் கண், அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோகும் சுவரோரப் பெட்டியின் பக்கம் போனதை அவர் கவனித்தார். அவள் கிட்டே வந்தாள்.

“ஊதுங்க.”

ஊதினார். புதினாத் தேநீர் வாசம்தான். இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். அப்புறம் மெதுவாக உட்கார்ந்துகொண்டாள்.

“புகைச்சிருந்தா திட்டித் தீர்த்திருப்பேன். இதுக்கு நான் யாரைத் திட்டுறது?”

நெஞ்சு மறுபடி அடித்துக்கொண்டது. இந்தத் தடவை அவர் அவள் கையை எடுத்து அதன்மேல் வைத்துக் காட்டினார். அவள் கையை எடுக்கவில்லை. நாளை முதல் அடையாளத்துக்கு மாவில் கட்டைவிரலைப் பதித்து அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

அவமானம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

“கொஞ்சம் ஆழமாவே பதி, ரஹீமோ,” என்றார்.