முப்பத்தெட்டாவது அட்டைப்படம்

"நீ பதினோரு வருஷமா தேடுன பழைய வாரப் பத்திரிகை தபால்ல வந்துடுச்சு!" என்று கணவன் வாயெல்லாம் பல்லாகச் சொன்னதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரவுப் பணி முடித்த களைப்பெல்லாம் பறந்துபோனது.

"எங்கே? கொடுங்க."

"மத்த முப்பத்தேழோட சேர்த்து பைண்டிங் கடையில நேத்தே கொடுத்துட்டேன். உன் பிறந்தநாளுக்கு ஒரே புத்தகமா வரும்."

அவள் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள். நல்லது செய்கிறேன் என்று கிளம்பி வினையை விலைக்கு வாங்குவதில் இந்த மனுஷனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்த வாரப் பத்திரிகைக்கு அவளுடைய அப்பா முப்பத்தெட்டு அட்டைப்படங்கள் வரைந்தார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அம்மாவைக் குடையோடு உட்காரவைத்து வரைந்தாராம்; அவள் தேடியது அதைத்தான். அவளைப் பெற்ற மறுவாரமே அம்மா இறந்துவிட்டாள். புகைப்படம் கிடையாது. அம்மாவின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

இருவரும் ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போனபோது பைண்டர் பசை தடவிக்கொண்டிருந்தார். மூலையில் கிழித்த அட்டைகள் குவிந்து கிடந்தன.

"தொடர்கதைக்காகத்தானே எல்லாரும் கொடுப்பாங்க? அட்டையைக் கிழிச்சுட்டுக் கதையை மட்டும் தைக்கிறதுதாம்மா வழக்கம். படத்துக்காகன்னு சார் சொல்லவே இல்லையே!"

கணவன் குனிந்து சிதறிய அட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

அவள் குவியலை எண்ணினாள். முப்பத்தேழு. குடை இல்லை. "குடையோட ஒருத்தங்க படம் இருக்குமே, எங்கே?"

"மேல இருந்ததா? பின்பக்கம் வெறுமையா இருந்துச்சு. வேறொரு புத்தகத்தோட அட்டைக்கு உள்தாளா இப்பதான் ஒட்டினேன்."

கனத்த அட்டையில் படமுள்ள பக்கம் அடியில் போக, வெறும் பக்கம் மேலே தெரிய ஒட்டியிருந்தது. பைண்டர் ஒரு முனையைப் பிடித்தார். "பசை ஈரம்தான். இழுத்தா வந்துடும்."

"தொடாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் கணவன் இரண்டடி பின்வாங்கினான்.

தீக்காயப் பிரிவில் பத்தொன்பது வருடமாக நர்ஸ் அவள். புண்ணோடு ஒட்டிய துணியை இழுக்கக் கூடாது, நனைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பஞ்சும் தண்ணீரும் கேட்டு வாங்கினாள். ஓரத்தை நனைத்தாள், காத்திருந்தாள், நகத்தால் நெம்பினாள். குடைத் துணி வந்தது. கூந்தல் வந்தது. நெற்றிக்கு அருகே நூலளவு கிழிந்ததும் கையை எடுத்துவிட்டாள். பயந்துதான் போனாள். மறுபடி நனைத்தாள்.

மோவாயில் ஒரு துண்டு அட்டையோடு போய்விட்டது. மற்றதெல்லாம் முழுசாக வந்தது. பஞ்சால் பசையை ஒற்றி எடுத்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வரைகிறவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாத ஒரு பெண். தன்னைவிடச் சின்னவள், இருபது வயதுகூட இராது.

கணவன் மெதுவாகக் கிட்டே வந்து நின்றான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே படத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

"இவங்கதான் உங்க மாமியார். நல்லா நிமிர்ந்து நில்லுங்க, முதல் தடவை பார்க்கிறாங்க."